பத்துக்கு எத்தனை?

முப்பத்தோரு வருடம் கணக்கு டீச்சராக இருந்து ஊரார் பிள்ளைகளுக்கு மார்க் போட்டவள் நான். என் இடுப்புக்கு மார்க் போடும் நாள் வரும் என்று நினைத்ததில்லை. "வலி பத்துக்கு எத்தனைம்மா?" என்று கேட்டார் டாக்டர். காலையில் எழுந்திருக்கும்போது எட்டு. இட்லி ஊற்றும்போது ஐந்து. பேரன் வீடியோ காலில் வந்தால் வலி என்ற ஒன்று இருப்பதே மறந்துவிடும். எதைச் சொல்வது? குத்துமதிப்பாக ஏழு என்றேன். ஏழு என்று எழுதிக்கொண்டு எம்.ஆர்.ஐ. எடுக்க அனுப்பிவிட்டார்.

செகந்திராபாத்தில் எங்கள் தெருவில் இதற்கு மூன்று பெயர். எதிர்வீட்டுத் தெலுங்குக்காரருக்கு நடுமு நொப்பி, தையல் கடை பாய்க்கு கமர் தர்த், எங்கள் வீட்டில் இடுப்பு வலி. பெயர்தான் மூன்று, வைத்தியம் ஒன்றுதான்: ஸ்கேன், பெல்ட், மாத்திரை, ஊசி.

எனக்கு வந்த ரிப்போர்ட்டில் இடுப்புப் பகுதியின் நாலாவது, ஐந்தாவது முள்ளெலும்புகளுக்கு நடுவே டிஸ்க் பிதுங்கியிருப்பதாக எழுதியிருந்தது. குனியாதீர்கள், தரையில் உட்காராதீர்கள், கனம் தூக்காதீர்கள் என்றார்கள். ஆஸ்பத்திரியின் பெயர் வேண்டாம். இந்த ஊரில் எங்கே போயிருந்தாலும் அநேகமாக அதையேதான் சொல்லியிருப்பார்கள். நான்கு வருடம் சொன்னபடி நடந்தேன். வாசலில் கோலம் ஸ்டிக்கராக மாறியது. பிரிகாபலின் மாத்திரையில் தலை சுற்றியது. முதுகில் இரண்டு முறை ஊசி போட்டார்கள். வலி மட்டும் ஏழிலேயே உட்கார்ந்திருந்தது.

அந்த ரிப்போர்ட்டைக் கையில் கொடுக்கும்போது ஒரே ஒரு கணக்கையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம். வலியே இல்லாத 3,110 பேரின் ஸ்கேன்களை 33 ஆய்வுகளிலிருந்து திரட்டி 2015-இல் ஒரு அலசல் வெளியானது. அறுபது வயதில், எந்த வலியும் இல்லாத நூறு பேரில் 69 பேருக்கு டிஸ்க் பிதுங்கியிருந்தது. இருபது வயதுக்காரர்களிலேயே முப்பது பேருக்கு! அதாவது தலை நரைப்பது மாதிரி முதுகும் நரைக்கிறது. யாரும் நரையைக் காட்டித் தலைவலிக்குக் காரணம் சொல்வதில்லை. (கால் பலம் இழப்பது, சிறுநீர் அடக்க முடியாமல் போவது, காரணமில்லாமல் எடை குறைவது, கூடவே காய்ச்சல் என்று இருந்தால் கதை வேறு. ஒரு நாள்கூடத் தள்ளிப் போடக் கூடாது.)

மூன்று மாதத்தைத் தாண்டி நீடிப்பது நாள்பட்ட வலி. அதற்குள் புண் பெரும்பாலும் ஆறியிருக்கும். ஆனால் நரம்பும் மூளையும் சூடு கண்ட பூனையாகிவிடுகின்றன. அடுப்பு அணைந்த பிறகும் அந்தப் பக்கம் போக விடுவதில்லை. வலி பொய்யல்ல, கற்பனையும் அல்ல. 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் நாள்பட்ட வலிக்கு, இன்னொரு நோயின் அறிகுறியாக இல்லாமல், தனக்கென்றே ஓர் இடம் கிடைத்திருக்கிறது. பூனைக்கு அடுப்பு அணைந்துவிட்டது என்று யார் புரியவைப்பது? ஸ்கேன் மெஷினால் முடியாது.

எனக்குப் புரியவைத்தது, எங்கள் பக்கத்தில் ஒரு மாடியில் சின்னதாக கிளினிக் வைத்திருக்கும் பிசியோதெரபிஸ்ட் பெண். முதல் நாள் மெஷின் எதையும் தொடவில்லை. முக்கால் மணி நேரம் கேள்விதான். தூக்கம் எப்படி, எதற்குப் பயம், யாரோடு சண்டை. பிறகு பேனாவைக் கீழே போட்டு, "எடுத்துக் கொடுங்க ஆன்ட்டி" என்றாள். நான்கு வருடத்தில் முதல்முறையாகக் குனிந்தேன். படக்கென்று ஏதோ முறியும் என்று காத்திருந்தேன். ஒன்றும் முறியவில்லை. அடுத்த மார்கழிக்கு ஐந்து புள்ளிக் கோலம் போட்டேன். வலி போய்விட்டதா என்றால் இல்லை. இப்போது மூன்று, மழைநாளில் ஐந்து. ஆனால் அதை வைத்துக்கொண்டு வாழ முடிகிறது.

இதற்குச் சான்றும் இருக்கிறது. 2023 டிசம்பரில் உலக சுகாதார நிறுவனம் நாள்பட்ட இடுப்பு வலிக்கு வெளியிட்ட வழிகாட்டி, விளக்கிச் சொல்வதையும் உடற்பயிற்சியையும் பரிந்துரைக்கிறது; பெல்ட், இழுவை சிகிச்சை, அல்ட்ராசவுண்ட் மூன்றும் வழக்கமாக வேண்டாம் என்கிறது. ஆஸ்திரேலியாவில் 701 பேரிடம் நடந்து 2024-இல் வெளியான ஆய்வில், இடுப்பு வலியிலிருந்து மீண்டவர்களில் முறையாக நடைப்பயிற்சி செய்தவர்களுக்கு வலி திரும்பிவர நடுமதிப்பாக 208 நாள் ஆனது. மற்றவர்களுக்கு 112 நாள். செலவு ஒரு ஜோடி செருப்பு.

மாத்திரையே கூடாது என்று சொல்ல வரவில்லை. என் நாத்தனாருக்கு மார்பகப் புற்று எலும்புக்குப் பரவியபோது ஐதராபாத் ரெட் ஹில்ஸில் உள்ள எம்.என்.ஜே. அரசு புற்றுநோய் மருத்துவமனைக்குத் துணைக்குப் போனேன். மார்பின் மாத்திரை என்றதும் வீட்டில் எல்லோரும் பதறினோம். மலச்சிக்கலுக்கு மருந்தையும் கூடவே எழுதிக் கொடுத்து, பதற்றத்துக்கும் பொறுமையாகப் பதில் சொன்னார்கள். அன்றிரவு அவர் தூங்கினார். 1985-இல் வந்த போதைப்பொருள் சட்டத்தின் கெடுபிடியால் நாட்டில் மருத்துவத்துக்கான மார்பின் பயன்பாடு 573 கிலோவிலிருந்து 1997-க்குள் 18 கிலோவாகச் சுருங்கியது. உலகுக்கே அபின் ஏற்றுமதி செய்யும் நாட்டில் இந்த நிலை! 2014-இல்தான் சட்டத்தைத் திருத்தினார்கள். மார்பின் வகை மருந்துகள் என் இடுப்புக்குப் பெரிதாகப் பயன்படாது என்பதும் உண்மை. அமெரிக்காவில் நாள்பட்ட முதுகு, இடுப்பு, மூட்டு வலி உள்ள 240 பேரை ஓராண்டு கவனித்த ஆய்வு, சாதாரண வலி மருந்துகளைவிட அவை மேலானவை அல்ல என்று 2018-இல் சொல்லிவிட்டது. நாத்தனாருக்கு மாத்திரை, எனக்கு நடை. இதைப் பிரித்துச் சொல்ல யாராவது உட்கார்ந்து கேட்க வேண்டும். அந்த நேரத்துக்குத்தான் பில் போட முடிவதில்லை. ஊசிக்கு டே-கேர் என்று இன்சூரன்ஸ் கிடைத்தது. பயிற்சிக்கு என் பென்ஷன்தான்.

வலிக்காகப் பணம் இறைப்பது ஐதராபாத்துக்குப் புதிதல்ல. 1888, 1889-இல் அஃப்சல்கஞ்ச் மருத்துவமனையில் டாக்டர் எட்வர்ட் லாரி நடத்திய குளோரோஃபார்ம் மயக்க மருந்து ஆராய்ச்சிக்கு ஆறாம் நிஜாம் கஜானாவைத் திறந்துவிட்டார். அதன் முடிவு தப்பு என்று பின்னால் தெரிந்தது வேறு விஷயம். இன்றைய அரசு அவ்வளவு செய்ய வேண்டாம். 2018-இலிருந்து பஸ்திதோறும் திறந்த தவாகானாக்களில், அதாவது பேட்டை கிளினிக்குகளில், வாரம் இரண்டு நாளாவது ஒரு பிசியோதெரபிஸ்டை உட்காரவைத்தால் போதும்.

இதையெல்லாம் எங்கள் வீட்டில் வேலை செய்யும் பெண்ணிடம் ஒரு நாள் உற்சாகமாகச் சொன்னேன். அவளுக்கும் நடுமு நொப்பிதான். பட்டமில்லாத ஆர்.எம்.பி. டாக்டரிடம் பதினைந்து நாளைக்கு ஒரு முறை சூதி, அதாவது ஊசி, போட்டுக்கொள்கிறாள். லீவு போட்டால் சம்பளத்தில் பிடிப்பார்கள். பயப்படாமல் குனியலாம் என்றேன். சிரித்தாள். "நாள் முழுக்கக் குனிஞ்சுதானேம்மா இருக்கேன்?"

பழக்கதோஷத்தில், பத்துக்கு எத்தனை என்று கேட்டேன். புரியவில்லை. எவ்வளவு வலிக்கும் என்று கேட்டேன்.

"மூணு வீடு வரைக்கும் ஒண்ணும் தெரியாது. நாலாவது வீட்ல பிடிச்சுக்கும்."

எங்களுடையது நாலாவது வீடு.