இளவேனிலுக்கு முன் கொல்லையைப் பேணுவோம்

மாசி பிறந்துவிட்டால் நம் பேரையூர் வட்டாரத்தில் பல வீடுகளின் பின்புறத்தில் புகை எழக் காணலாம். உதிர்ந்த வேப்பஞ்சருகையும் காய்ந்த செடிகொடிகளையும் கூட்டிக் குவித்துக் கொளுத்துகிறோம். கேட்டால், கொல்லையைச் சுத்தம் செய்கிறோம் என்கிறோம். அன்பர்களே, அங்கே எரிவது குப்பையன்று. வரும் கோடையில் நம் செடிகளுக்கு ஆக வேண்டிய எருவும் போர்வையுமே எரிகின்றன.

குளிர்நாடுகளில் இளவேனில் என்றால் பனி உருகி மண் இளகும் காலம். அங்கே தோட்டத்தைக் கிளறித் திறந்துவிடுகிறார்கள். நமக்கோ சித்திரையும் வைகாசியும் வெயில் ஏறும் காலம். ஆகவே நம் ஆயத்தம் வேறு வகைப்பட்டது. ஐப்பசி, கார்த்திகை மழை மண்ணில் விட்டுச்சென்ற ஈரத்தை மூடிக் காப்பதே அதன் உட்பொருள்.

இதற்குப் பெருஞ்செலவு இல்லை. கரிசல் மண் காய்ந்தால் வெடிக்கும். வெடிப்பின் வழியே அடிமண் ஈரமும் ஆவியாகிவிடும். எனவே வெடிப்பு விழுமுன் மேல்மண்ணை இரண்டு விரற்கடை ஆழம் கொத்திப் பொடியாக்க வேண்டும். அதன்மேல் மக்கிய ஆட்டெருவைத் தூவிச் சருகைக் கனமாகப் பரப்ப வேண்டும். செடியின் தண்டை மட்டும் சருகு ஒட்டாமல் விடுக. எஞ்சிய சருகைக் குழியிலிட்டுச் சாணக்கரைசல் தெளித்து ஈரம் காத்துவந்தால் ஆடிப்பட்டத்திற்கு எரு ஆயத்தமாகும். நோய் கண்ட செடிகளையும் புழு விழுந்த பருத்திமாரையும் எரிப்பது முறையே. அதற்காக நல்ல சருகையும் உடன் எரிப்பானேன்?

“குடிக்கவே தண்ணீர் அரிது, செடிக்கு எங்கே போவது?” என்று அங்கத்தினர் சிலர் வினவக்கூடும். நியாயமான வினாவே. குடிநீரைச் செடிக்கு ஊற்றச் சொல்லவில்லை. அரிசி களைந்த நீரும் காய்கறி கழுவிய நீரும் கத்தரிக்கும் வெண்டைக்கும் போதும். குளித்த நீரை வாழைக்குத் திருப்பலாம். நெசவாளர் வீடுகளில் பாவுக்குப் போட்டு மிஞ்சிய கஞ்சியை எருக்குழியில் ஊற்றலாம். ஆனால் சாயமிட்ட நீர் ஒரு சொட்டும் கொல்லைக்குள் வரக் கூடாது; அது மண்ணையும் கிணற்றையும் கெடுக்கும்.

கோடை மழையையும் கைவிடலாகாது. 1 சதுர மீட்டர் கூரையில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் 1 லிட்டர் நீர். 50 சதுர மீட்டர் கூரையில் 20 மில்லிமீட்டர் மழை 1,000 லிட்டர் தரும்; அது அறுபது குடங்களுக்கும் மேல். மழைநீர் சேகரிப்பைத் தமிழக அரசு 2003இல் கட்டாயமாக்கியது. சட்டத்திற்கு அஞ்சிக் குழாய் வைத்துவிட்டுக் கொல்லை முழுவதும் சிமெண்டுத் தளம் பூசினால் என்ன பயன்? காலில் மண் ஒட்டாது என்பது உண்மை. வீட்டில் முருங்கைக்கீரையும் இராது.

நம் வட்டாரத்துக் கல்லுப்பட்டியில், காந்தி நிகேதன் ஆசிரமத்தில், ஜே.சி. குமரப்பா தம் இறுதி ஆண்டுகளைக் கழித்தார். 1960இல் மறைந்த அப்பெரியார், மண்ணிலிருந்து பெற்றதை மண்ணுக்கே திருப்பித் தரும் பொருளாதாரமே நிலைக்கும் என்று வற்புறுத்தியவர். அக்கருத்தை நாம் மேடையில் புகழ்கிறோம். வீட்டின் பின்புறத்தில் தீ வைக்கிறோம். இம்முரண்பாடு நமக்கு அழகா?

தறி ஓடாத வாரத்திலும் விளைச்சல் பொய்த்த ஆண்டிலும் கடையில் முதலில் கடன் ஏறுவது காய்கறிக்கே. ஒரு முருங்கை, ஒரு கறிவேப்பிலை, இரண்டு வாழை, ஒரு பாத்தி கீரை ஆகியவை அக்கடனை முழுதும் தீர்க்காவிடினும் குறைக்கும். தண்டுக்கீரை விதைத்த ஐந்தாறு வாரங்களில் பறிப்புக்கு வரும். வெயில் தாங்கும் கொத்தவரையையும் உடன் ஊன்றலாம்.

சங்கங்களுக்கும் ஒரு வேண்டுகோள். மாதாந்தரக் கூட்டத்திற்கு வரும்போது அங்கத்தினர் ஒவ்வொருவரும் தம் கொல்லையில் முற்றவிட்டு எடுத்த விதையில் ஒரு பிடி கொணர்க. இல்லாதவர் அதிலிருந்து பெற்றுச் செல்க. காய்த்தபின் ஒரு பிடியைத் திருப்பித் தருக. பணமின்றி நடத்தத்தக்க கூட்டுறவு இது. அதன் தொடக்கமாக, இம்மாசியில் கொல்லைச் சருகுக்குத் தீ வைப்பதில்லை என்று உறுதி கொள்வோமாக.