3 சென் தண்ணீரும் ஆபிரகாமின் துரவும்

ஜோகூர் பாரு கோப்பிக் கடைகளில் தண்ணீர்ப் பேச்சு எழுந்தால் அடுத்த நிமிடமே '3 சென்' வந்துவிடும். 1962 செப்டம்பர் 29-ல் கையெழுத்தான ஒப்பந்தப்படி ஜோகூர் ஆற்றிலிருந்து சிங்கப்பூர் நாளொன்றுக்கு 250 மில்லியன் கேலன் வரை எடுக்கலாம். ஆயிரம் கேலனுக்கு 3 சென். முழு அளவை எடுத்தாலும் நமக்குக் கிடைப்பது நாளுக்கு 7,500 ரிங்கிட். அந்த ஆற்றுக்கரையில், கோத்தா திங்கியில் வளர்ந்த எனக்கும் இந்தக் கணக்கு உறுத்தத்தான் செய்கிறது.

"கிழித்துப் போட வேண்டியதுதானே!" என்பார்கள் நண்பர்கள். (சிங்கப்பூருக்கு ரயில் வரப்போகிறது என்று சொல்லி, வாடகை ஒப்பந்தம் முடியும் முன்பே வாடகையை ஏற்றிய வீட்டுக்காரர்களும் அதே மேசையில்தான் உட்கார்ந்திருப்பார்கள்.) நான் ஞாயிறு பள்ளியில் பிள்ளைகளுக்கு வேதம் சொல்லிக் கொடுப்பவன். அதனால் இந்தப் பேச்சுக்கு என்னால் தலையாட்ட முடிவதில்லை.

யோசுவாவின் புத்தகத்தில் கிபியோன் ஊரார் பூசணம் பிடித்த அப்பத்தையும் கிழிந்த செருப்பையும் காட்டி, தூர தேசத்தார்போல நடித்து உடன்படிக்கை வாங்கிவிடுகிறார்கள். மூன்றாம் நாள் குட்டு வெளிப்படுகிறது. ஏமாந்தது இஸ்ரவேலர்தான். ஆனாலும் ஆணையிட்டது ஆணையிட்டதுதான் என்று அவர்களைக் கொல்லாமல் விட்டார்கள். பிற்பாடு சவுல் ராஜா அந்த வாக்கை மீறியதற்காக, தாவீதின் காலத்தில் நாடே 3 ஆண்டு பஞ்சத்தில் வாடியது. நம்மை யாரும் பழைய அப்பம் காட்டி ஏமாற்றவில்லை. தெரிந்தேதான் கையெழுத்துப் போட்டோம். 2061 வரை அது நம்மைக் கட்டுப்படுத்தும்.

அதற்காகக் குறை இருந்தாலும் வாயை மூடிக்கொண்டிரு என்று வேதம் சொல்லவில்லை. ஆதியாகமம் 21-ல் ஆபிரகாம் தோண்டிய துரவை அபிமெலேக்கின் வேலைக்காரர் பறித்துக்கொள்கிறார்கள். ஆபிரகாம் நேரே ராஜாவிடமே கேட்கிறார். "எனக்குத் தெரியாது, நீயும் சொல்லவில்லையே" என்கிறான் அவன். அப்புறம்தான் ஏழு பெண்ணாட்டுக்குட்டிகள் சாட்சியாக ஆணை நடக்கிறது.

சொல்லாமல் விட்ட குறை நம் கதையிலும் உண்டு. 25 ஆண்டுக்குப் பிறகு விலையை மறுஆய்வு செய்யலாம் என்று ஒப்பந்தத்திலேயே இருக்கிறது. 1987-ல் மலேசியா கேட்கவில்லை. அந்த உரிமை போய்விட்டது என்பது சிங்கப்பூரின் வாதம்; எப்போதும் கேட்கலாம் என்பது நம் வாதம். அவர்கள் பக்கமும் ஒரு கணக்கு இருக்கிறது. சுத்திகரித்த நீரை நமக்கு ஆயிரம் கேலன் 50 சென்னுக்கு விற்கிறார்கள். சுத்திகரிக்கும் செலவே 2.40 ரிங்கிட் என்கிறார்கள். ஒப்பந்தப்படி நமக்குச் சேர வேண்டியது நாளுக்கு 5 மில்லியன் கேலன்தான். கேட்டு வாங்கும் 16 மில்லியனுக்கு நாளுக்கு 8,000 ரிங்கிட் கொடுக்கிறோம். முழு அளவு ஆற்று நீருக்கு நாம் வாங்கக்கூடிய தொகையைவிட இது அதிகம் என்பதைக் கோப்பிக் கடையில் யாரும் சொல்வதில்லை.

வேதத்தில் துரவின் கதை அந்த ஆணையோடு முடியவில்லை. ஆபிரகாம் இறந்ததும், அபிமெலேக்கின் மக்களான பெலிஸ்தர் அவர் காலத்துத் துரவுகளை மண்ணிட்டுத் தூர்த்துவிட்டார்கள். அப்பன் காலத்து ஆணை மகனைக் காப்பாற்றவில்லை. ஈசாக்கு மறுபடி தோண்டினார், சண்டை வந்த துரவுகளை விட்டு நகர்ந்தார். கடைசியில் அபிமெலேக்கே தேடி வந்தான். "என்னைப் பகைத்துத் துரத்திவிட்டு எதற்கு வந்தீர்கள்?" என்று முகத்துக்கு நேரே கேட்டுவிட்டுத்தான் ஈசாக்கு விருந்து வைத்தார். மறுநாள் காலை இருவரும் புதிதாக ஆணையிட்டுக்கொண்டார்கள்.

2061-க்குப் பிறகான தண்ணீருக்கு நமக்கும் அப்படி ஒரு புது உடன்படிக்கை வேண்டும். விலை மறுஆய்வுக்கு அதில் தேதி குறித்திருக்க வேண்டும். இரு தரப்பின் செலவும் வெளிப்படையாக எழுதப்பட்டிருக்க வேண்டும். ஜோகூர் சட்டமன்ற உறுப்பினர்களே, தேர்தல் மேடையில் 3 சென்னைக் காட்டிக் கைதட்டு வாங்குவதை விட்டுவிட்டு, இந்தத் தவணையிலேயே அந்தப் பேச்சைத் தொடங்கச் சொல்லி மத்திய அரசிடம் கேளுங்கள்.