லினக்ஸ் மேல பழி போடாதீங்க மக்களே!

ஊருக்குக் கிளம்பும்போது பழைய மடிக்கணினியைத் துடைத்து, துணிகளுக்கு நடுவே வைத்து, தங்கச்சி பிள்ளைக்கு என்று கொண்டு போவது நம்ம வீடுகளில் வழக்கம்தான். 2022 டிசம்பர் விடுமுறைக்கு நானும் கொண்டு போனேன். இரண்டு வருஷம் ஓடிய பொட்டி. தங்கச்சி வீடு கொழிஞ்சாம்பாறைப் பக்கம். பையன் தமிழ் மீடியம், பத்தாவது.

பாலக்காட்டின் சித்தூர் தாலுகாவிலும், இடுக்கியில் தேவிகுளம், பீர்மேடு பக்கமும் தமிழ் மீடியம் அரசுப் பள்ளிகள் இருப்பது எல்லைக்காரர்களுக்குத் தெரியும். அங்கே கணினிப் பாடம் நடப்பது விண்டோஸில் இல்லைங்க, லினக்ஸில். எஸ்.எஸ்.எல்.சி. ஐ.டி. செய்முறைத் தேர்வும் அதிலேயேதான். 2019-ல் கேரள அரசின் கைட் நிறுவனம் உபுண்டு 18.04-ஐ அடிப்படையாக வைத்துப் பள்ளிகளுக்கென்றே ஒரு லினக்ஸை வெளியிட்டது. இதனால் 3,000 கோடி ரூபாய் மிச்சம் என்று அப்போது கணக்கும் சொன்னார்கள்.

சரி, வீட்டிலும் அதையே போட்டுக் கொடுப்போம் என்று போட்டேன். எல்லாம் வந்தது, வைஃபை மட்டும் வரவில்லை. 'அடாப்டர் இல்லை' என்று ஒரே பிடிவாதம்.

கடைவீதியில் பொட்டி ரிப்பேர் பார்க்கும் தம்பி ஒரு நிமிஷத்தில் தீர்ப்புச் சொல்லிவிட்டார். "அண்ணா, லினக்ஸெல்லாம் வேஸ்ட். ஐநூறு ரூபா குடுங்க, விண்டோஸ் போட்டுத் தர்றேன்." லைசென்ஸா? அதெல்லாம் யார் கேட்டா :-) மச்சானும், "போட்டுரலாமே மாப்ள, எதுக்கு வம்பு?" என்றார்.

எனக்குக் கோபம் வந்தது அங்கேதான். 'தமிழ் மீடியமா, வேஸ்ட்' என்று ஏற்கெனவே நாலு பேர் சொல்லக் கேட்டு வளர்கிற பையன் அவன். இப்போது அவன் பள்ளியில் படிக்கிற சிஸ்டமும் வேஸ்ட். எத்தனை வேஸ்ட்டைத்தான் ஒரு பையன் தூக்கிச் சுமப்பான்?

உண்மையில் நடந்தது இவ்வளவுதான். வைஃபை சில்லு சந்தைக்கு வரும்போதே அதற்கு விண்டோஸ் டிரைவர் தயாராக இருக்கும், தயாரிப்பாளரே எழுதித் தருவார். லினக்ஸில் பெரும்பாலும் டிரைவர் கர்னலுக்குள்ளேயே வர வேண்டும். நான் போட்டதில் இருந்தது 2018 காலத்துக் கர்னல். சில்லோ அதற்குப் பிறகு வந்தது. பிறக்காத பிள்ளையின் பெயர் பழைய ரேஷன் கார்டில் எப்படி இருக்கும்?

போனை யூஎஸ்பி கேபிளில் மாட்டி, அதன் வழியாக நெட் எடுத்து, புதிய கர்னலை இறக்கி, ரீஸ்டார்ட் செய்தேன். அரை மணி நேரம். வைஃபை வந்துவிட்டது.

"மாமா, அப்ப அந்தக் கடை அண்ணன் சொன்னது பொய்யா?"

"பொய் இல்லடா. பாக்காம சொல்லிட்டாரு."

பழைய கதை தெரிந்தவர்களுக்கு இது ஒன்றுமே இல்லை. 2005 வாக்கில் பிராட்காம் சில்லுகளுக்கு லினக்ஸ் டிரைவர் எழுத விவரக் குறிப்புகளே வெளியில் கிடைக்காது. தன்னார்வலர்கள் ஏற்கெனவே இருந்த டிரைவரைப் பிரித்து மேய்ந்து குறிப்பு எழுத, வேறு சிலர் அதை வைத்துப் புது டிரைவர் எழுதினார்கள். 2006-ல் 2.6.17 கர்னலில் அது சேர்ந்தது. அந்த நிறுவனமே திறந்தமூல டிரைவர் தந்தது 2010 செப்டம்பரில்தான். ஏதெரோஸ் 2008-லேயே ஏத்9கே டிரைவரைக் கொடுத்துவிட்டது. ஆக, நிறுவனம் மனது வைத்தால் முடியும். மனது வைக்க வாங்குகிறவன் கேட்க வேண்டும். நாம் கேட்டோமா?

லினக்ஸ் பக்கம் குற்றமே இல்லையா என்றால், இருக்கிறது. கொள்கை என்று சொல்லி டெபியன் பல வருஷம் கட்டற்றது அல்லாத ஃபர்ம்வேரை நிறுவியில் சேர்க்காமல் இருந்தது. வைஃபை வர ஃபர்ம்வேர் வேண்டும், ஃபர்ம்வேர் இறக்க வைஃபை வேண்டும். பெட்டிச் சாவியைப் பெட்டிக்குள்ளேயே வைத்துப் பூட்டிய கதை. 2022-ல் ஓட்டெடுப்பு நடத்தி, 2023-ல் வந்த டெபியன் 12-ல் திருத்திக்கொண்டார்கள். குற்றத்தைச் சொன்னால் திருத்திக்கொள்ள அங்கே ஒரு வழி இருக்கிறது. ஐநூறு ரூபாய் திருட்டு விண்டோஸில் யாரிடம் போய்ச் சொல்வீர்கள்?

நம்மாட்கள் மேல்தான் எனக்கு இன்னும் வருத்தம். நம்மில் பாதிப் பேருக்கு ஆபீஸில் சோறு போடுவது லினக்ஸ் சர்வர். வீட்டுக்கு வந்தால் மட்டும் 'அது நமக்குச் சரிப்படாது'. டிவி வாங்கப் பத்துக் கடை ஏறி இறங்குகிற நாம், மடிக்கணினிக்குள் இருக்கும் வைஃபை சில்லு எது என்று ஒரு தடவையாவது கேட்டிருக்கிறோமா?

அதனால் ஊருக்குப் பெட்டி கட்டும் முன் ஒரு வேலை செய்யுங்கள். பிள்ளை படிக்கும் பள்ளியில் எந்த சிஸ்டம் என்று கேளுங்கள். அதை ஒரு பென்டிரைவில் ஏற்றி, இங்கேயே அந்தப் பொட்டியில் ஓட்டிப் பாருங்கள். வைஃபை வருகிறதா, சவுண்டு வருகிறதா? வரவில்லையென்றால் நெட் இருக்கிற இடத்தில் உட்கார்ந்து சரி செய்துவிட்டுக் கொண்டு போங்கள். சட்டை அளவு கேட்டு வாங்குகிறோம் இல்லையா, அது மாதிரிதான்.

டிஸ்கி: சில மடிக்கணினிகளில் வைஃபைக்குத் தனி பட்டன் இருக்கும். அது அணைந்து கிடந்தால் எந்தக் கர்னலும் காப்பாற்றாது. திட்டுவதற்கு முன் அதையும் பார்த்துவிடுங்கள் :-)