பல்லுக்குப் பயந்தவனைப் பார்த்துச் சிரிக்காதீங்க

உயிலங்குளத்தில் யாரைக் கேட்டாலும் பல்லுக்கொதிக்கு வைத்தியம் சொல்லுவாங்க: கராம்பைக் கடி, உப்புத்தண்ணியில கொப்பளி, ரெண்டு பனடோலைப் போட்டுட்டுப் படு. மதவாச்சி வீதியில பஸ் ஏறினால் மன்னார் மாவட்டப் பொது வைத்தியசாலை. அரச வைத்தியசாலையில் சிகிச்சைக்குக் காசும் இல்லை. பிறகேன் போறதில்லை? பயம். அதை வாய்விட்டுச் சொன்னால், "இவ்வளவு வளர்ந்தும் ஊசிக்குப் பயமா?" என்று ஒரு சிரிப்பு. அந்தச் சிரிப்போடதான் எங்களுக்குச் சண்டை.

இந்தப் பயத்தோட நாங்கள் பிறக்கவில்லை. "சாப்பிடாட்டி டொக்டரிட்ட கூட்டிப்போய் ஊசி போடுவன்" என்று வெருட்டினது யார்? மேல்வாய்ப் பல்லைக் கழட்டினால் கண்பார்வை போகும் என்று சொன்னது யார்? பல்லின் நரம்பு வேறு, பார்வை நரம்பு வேறு. மருந்துத் தட்டுப்பாட்டுக்குள்ள போர்க்காலத்தைக் கடந்தவங்கட வலிக் கதைகளைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். வெருட்டியும் போட்டு, பயந்ததற்குச் சிரிக்கிறது என்ன நியாயம்?

ஆனால் எங்களையும் நாங்கள் கேட்கவேணும்: தள்ளிப்போட்டு என்ன கண்டம்?

பல்லின் வெளிப்படையான எனாமலில் நரம்பில்லை. அதனால் சூத்தை தொடங்கும்போது நோகாது. அப்போதே போனால் சுத்தம் செய்து அடைப்பதோடு வேலை முடியும். பல நேரம் ஊசிகூடத் தேவைப்படாது. நாங்களோ முகம் வீங்கின பிறகுதான் போறம். சீழ் கட்டின இடத்தில் அமிலத்தன்மை கூடும். அங்கே விறைப்பூசி சரியாக வேலை செய்யாது. நோகும் என்று பயந்து காத்திருந்தவனுக்குத்தான் கடைசியில நோகுது. அவன் வந்து சொல்லுற கதை அடுத்தவனையும் மறிக்குது. எங்கட பயம் இப்படித்தான் தனக்குத் தானே சாட்சி தேடுது.

பாடசாலைப் பல் சிகிச்சை நிலையங்கள் 3 முதல் 13 வயது வரையான பிள்ளைகளைப் பார்க்கின்றன. அதற்குப் பிறகு யாரும் வந்து கூப்பிடமாட்டாங்க. நாங்களாகத்தான் போகவேணும்.

பல்லோடு மட்டும் இது முடியிறதும் இல்லை. இலங்கை ஆண்களிடம் அதிகம் காணப்படும் புற்றுநோய் வாய்ப்புற்றுநோய். வெற்றிலை, பாக்கு, புகையிலை எல்லாம் எங்கட வீட்டுத் திண்ணையிலேயே இருக்கு. வாய்க்குள் வருகிற வெள்ளைப் படலம் பெரும்பாலும் நோகாது. அதைக் கண்டுபிடிக்க ஒருத்தர் வாயைப் பார்க்கவேணும். காவிப் பல்லைக் காட்ட வெட்கப்பட்டு வாயை மூடிக்கொள்கிறவர் அந்த வாய்ப்பையும் சேர்த்து மூடுகிறார்.

வைத்தியர்களிடம் எங்கட கோரிக்கை பெரிசில்லை. "இவ்வளவு நாளும் என்ன செய்தனீங்கள்?" என்று ஏசாதீங்க. அந்த ஏச்சுக்குப் பயந்துதான் பலர் வராமல் நிக்கிறாங்க. என்ன செய்யப்போறீங்க என்று முதலில் சொல்லுங்க. நாங்கள் கையைத் தூக்கினால் கொஞ்சம் நிப்பாட்டுங்க.

எங்களுக்குள்ளும் ஒரு கோரிக்கை. கதிரையில் இருந்தவுடன் "எனக்குப் பயம்" என்று சொல்லிப் பழகுவம். சொன்னவனைப் பார்த்துச் சிரிக்கிறதுக்குப் பதிலாக, அவனோட பஸ்ஸில் பக்கத்துச் சீட்டில இருந்து போய், கூடவே வரிசையில நிப்பம். நோகாத பல்லோட போவம். அந்த முதல் நாள்தான் பயத்துக்குச் சரியான பதில்.