ஏழு நாள் சுயராஜ்யம்

ஐப்பசி பிறக்கும்போதெல்லாம் தமிழ்நாட்டார் வானத்தை ஆவலும் அச்சமும் கலந்த கண்ணோடு நோக்குகிறார்கள். வருஷம் முழுவதும் நமக்குக் கிடைக்கும் மழையில் ஏறக்குறையப் பாதியை வடகிழக்குப் பருவக்காற்றே கொண்டுவந்து தருகிறது. அது பொய்த்தால் வறட்சி, மிகுந்தால் வெள்ளம். வெள்ளம் வடிந்தபின் நடைபெறும் விவாதமும் நமக்குப் பழகிப்போனதே. ஏரியைத் திறந்தவர் யார், எச்சரிக்கை ஏன் உரிய காலத்தில் வரவில்லை, நிவாரணம் யார் கைக்குப் போயிற்று என்ற கேள்விகள் சட்டசபையிலும் பத்திரிகைகளிலும் எழுகின்றன. அவை எழவேண்டியவையே. ஆயினும் கேட்கப்படாமலே போகும் கேள்வி ஒன்று உண்டு. சர்க்காரின் படகு வந்து சேரும்வரையில் அந்தந்த வீடு எதைக்கொண்டு நின்றது? இக்கேள்வியையே இன்று நாம் ஆராய விரும்புகிறோம்.

சென்ற சில வருஷங்களில் நேர்ந்தவற்றை நினைவுகூர்வோம். 2015 டிசம்பர் 1-ஆம் தேதி தொடங்கி மறுநாள் காலைக்குள் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பெய்தது. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து வினாடிக்கு 29,000 கன அடி நீர் அடையாற்றில் பாய்ந்தது. 1878-ஆம் வருஷத்தில் தோன்றிய 'ஹிந்து' பத்திரிகை, தொழிலாளர் அச்சுக்கூடம் போய்ச்சேர இயலாமையால், டிசம்பர் 2-ஆம் தேதி சென்னையில் வெளிவரவில்லை. அத்தகைய ஸ்தாபனமே ஒருநாள் வாய்மூடி இருக்க நேர்ந்ததென்றால், தனிக் குடும்பங்களின் கதியைச் சொல்லவும் வேண்டுமோ?

மறு வருஷம் வந்தது வார்தா புயல். நவம்பர் 8-ஆம் தேதி ஐந்நூறு ரூபாய், ஆயிரம் ரூபாய் நோட்டுகள் செல்லாவென்று அறிவிக்கப்பட்டன. டிசம்பர் 12-ஆம் தேதி புயல் அடித்தது. கையில் ரொக்கமில்லை. அட்டையைக் கொண்டு பணம் செலுத்தலாமென்றால் மின்சாரமில்லை, தந்தித் தொடர்புமில்லை. ஜனங்களின் பணம் பாங்கியில் பத்திரமாகத்தான் இருந்தது. அதைக்கொண்டு ஒரு மெழுகுவர்த்தி வாங்க வழியில்லாமற் போயிற்று.

2018 நவம்பர் 16-ஆம் தேதி கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்தது. ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. பூமியின் கீழே தண்ணீர் இருந்தும் மோட்டார் ஓடவில்லை. மேல்நிலைத் தொட்டிகள் காய்ந்தன. 2015-இல் மூழ்கிய சென்னையோ 2019 கோடையில் வறண்டது. ஜூலை 12-ஆம் தேதி ஜோலார்பேட்டையிலிருந்து 25 லட்சம் லிட்டர் தண்ணீரை ரயிலில் ஏற்றிவர வேண்டியதாயிற்று. 2020 மார்ச் 24-ஆம் தேதி இரவு எட்டு மணிக்கு அறிவிக்கப்பட்ட ஊரடங்கு நள்ளிரவிலேயே அமலுக்கு வந்தது. ஜனங்களுக்குக் கிடைத்த அவகாசம் நாலு மணி நேரம்.

புயல், வெள்ளம், வறட்சி, நோய், சர்க்காரின் உத்தரவு என்று காரணங்கள் வேறுவேறு. வீட்டினுள் விளைந்த துன்பமோ ஒரேவிதமானது. இன்றைய குடும்பத்தின் தண்ணீர், வெளிச்சம், பணம், செய்தி ஆகிய அனைத்தும் ஒரே மின்கம்பியில் தொங்குகின்றன. அது அறுந்தால் எல்லாம் ஒருசேர விழுகின்றன. கடையும் அப்படியே. பத்து நிமிஷத்தில் வாசலுக்கே சரக்கைக் கொண்டுதரும் கம்பெனிகளை நம்பி, நகரவாசிகள் மறுநாள் காலைக்குரிய பாலையும் காய்கறியையுங்கூட வீட்டில் வைப்பதில்லை. சாலை மூடிய அன்றே அடுப்படி காலியாகிறது.

நம் முன்னோர் வீடுகளில் குதிரும் பத்தாயமும் இருந்தன. கோடையிலே வற்றலும் வடகமும் இட்டு, புளியும் உப்பும் ஜாடியில் நிரப்பி, மழைக்காலத்தை எதிர்கொண்டார்கள். இதைச் சொல்லும்போது பழங்காலமெல்லாம் பொற்காலமென்று நாம் மயங்கவில்லை. பத்தாயம் நிலமுடையவன் வீட்டில் இருந்தது. அதை நிரப்பிய பண்ணையாளின் குடிசையில் மறுநாள் கஞ்சிக்கு நெல் இருந்ததில்லை. அந்த ஏற்றத்தாழ்வு திரும்பவேண்டியதில்லை. வருங்காலத்தை எண்ணி வைத்திருக்கும் பழக்கமே திரும்பவேண்டும்.

இங்கே நம் அரசியல் நண்பர்கள் ஓர் ஆட்சேபணை கூறக்கூடும். "குடும்பங்கள் தாமே ஆயத்தமாக இருக்கவேண்டும் என்று நீங்கள் எழுதினால், சர்க்கார் தன் பொறுப்பைத் தட்டிக்கழிக்க அதுவே சாக்காகாதா?" என்பார்கள். ஆட்சேபணை நியாயமானதே. 2005-ஆம் வருஷத்துப் பேரிடர் நிர்வாகச் சட்டம் மத்தியிலும் ராஜ்யத்திலும் ஜில்லாவிலும் அதிகார சபைகளை நியமித்து அவற்றின்மீது கடமைகளைச் சுமத்தியிருக்கிறது. 2015 வெள்ளம் மனிதரால் நேர்ந்த பேரிடர் என்று தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கையே 2018-இல் கூறிற்று. ஏரியைத் தூர்வாருவதும், கால்வாயை ஆக்கிரமித்த கட்டடத்தை அகற்றுவதும், அணை திறக்குமுன் கரையோரத்தாருக்கு அறிவிப்பதும் எந்தக் குடும்பத்தாலும் ஆகக்கூடியவை அல்ல. 1943-இல் வங்கத்தில் லட்சக்கணக்கானோர் பட்டினியால் மாண்டது அவர்கள் வீட்டில் சேமித்து வைக்காத குற்றத்தாலா? பர்மா அரிசி நின்றபின்னும், விலை ஏறியபின்னும், கைகட்டி நின்ற அந்நிய ஆட்சியின் குற்றமன்றோ அது?

ஆகவே சர்க்காரின் கடன் அணுவளவும் குறையவில்லை. ஆனால், எவ்வளவு திறமையான சர்க்காரானாலும் முதல் மூன்று நாட்களில் எல்லா வாசலுக்கும் வந்துவிட முடியாது. படகுகள் சில, தெருக்கள் ஆயிரம். ஒரு வாரம் தன்னைத் தானே காத்துக்கொள்ளக்கூடிய வீடு ஒவ்வொன்றும், படகை அதிகத் தேவையுள்ள மற்றொரு வீட்டுக்கு விட்டுக்கொடுக்கிறது. மேலும், பொட்டலத்துக்குக் கையேந்தி நிற்பவனால் அதைக் கொடுப்பவனைக் கேள்வி கேட்க இயலாது. வெள்ளத்தின் நடுவிலும் கௌரவத்தோடு நிற்கும் பிரஜையே மறுநாள் கணக்குக் கேட்கும் துணிவுள்ளவன். இதனாலேயே இதனைச் சுயராஜ்யத்தின் ஒரு பகுதியென்று நாம் கருதுகிறோம். காந்தியடிகள் 1941-இல் வெளியிட்ட நிர்மாணத் திட்டத்தில் கதரும் கிராமக் கைத்தொழிலும் சுகாதாரமும் இடம்பெற்றதன் கருத்தும் இதுவே.

இரண்டாவது ஆட்சேபணை, இது பதுக்கலாகாதா என்பது. புயல் எச்சரிக்கை வந்த மாலையில் கடைக்கு ஓடி மற்றவர் பங்கையும் சேர்த்து அள்ளுவது பதுக்கல். ஆவணியிலும் புரட்டாசியிலும் சரக்கு மலிந்திருக்கும்போது மாதச் சாமானோடு சிறிது அதிகமாக வாங்கி, பழையதைச் செலவிட்டுப் புதியதை நிரப்பி வருவது சேமிப்பு. அப்படிச் செய்தவன் நெருக்கடி நாளில் வரிசையில் நிற்பதில்லை. இல்லாதவனுக்கு இடம் விடுகிறான்.

இனி, எவ்வளவு வேண்டும் என்பதைப் பார்ப்போம். ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்கு ஏழு நாள் கணக்கு இது. குடிக்கவும் சமைக்கவும் ஆளொன்றுக்கு நாளைக்கு 4 லிட்டர் வீதம் 140 லிட்டர் தண்ணீர். அதாவது மூடியுள்ள பெரிய குடங்களில் பத்து. அரிசி 12 கிலோ, பருப்பு இரண்டரைக் கிலோ, எண்ணெய், உப்பு, புளி, வெல்லம். அடுப்பெரியாவிட்டால் ஊறவைத்தே உண்ணத்தக்க அவல் 2 கிலோ. காஸ் தீர்ந்தால் உதவுவதற்கு ஒரு குமுட்டி அடுப்பும் கரியும். ஆனால் கதவடைத்த அறையில் கரியை மூட்டலாகாது, அதன் நச்சுவாயு உயிரை வாங்கும். டார்ச் விளக்கு, அதற்குரிய பாட்டரிகள், பாட்டரியில் இயங்கும் சிறு ரேடியோ, தீப்பெட்டி. சில்லறையாக ஒரு வாரச் செலவுக்குரிய ரொக்கம். ரேஷன் கார்டு, பட்டா, பத்திரங்கள் எல்லாம் நீர் புகாத உறையில். 2015-இல் இவற்றை இழந்தவர்களுக்கென்றே தனி முகாம்கள் நடத்தவேண்டியதாயிற்று.

மருந்து விஷயத்தில் அசிரத்தை கூடாது. ரத்த அழுத்தத்துக்கும் நீரிழிவுக்கும் உரிய மருந்து இரண்டு வாரத்துக்கு எப்போதும் கையிருப்பில் இருக்கவேண்டும். ஐஸ்பெட்டி ஓடாதபோது இன்சுலினை ஈரமணலில் வைத்த மண்கலயத்தினுள், நீர் படாதபடி உறையிலிட்டு வைக்கலாம். வெள்ளத்தின் பின் வயிற்றுப்போக்கு வருவது வழக்கம். குடிநீரைக் கொதிக்கவைத்தே அருந்துக. காய்ச்சி ஆறிய ஒரு லிட்டர் நீரில் தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கலந்து கொடுத்தால் குழந்தையின் உயிர் தங்கும். இவற்றையெல்லாம் பெண்கள் காரியமென்று ஆண்மக்கள் ஒதுக்கிவிடுவது வழக்கமாயிருக்கிறது. இத்தலையங்கத்தைப் படிப்போர் இன்று மாலையே தம் வீட்டுச் சமையலறையைத் திறந்து, எத்தனை நாளைக்கு அரிசியும் தண்ணீரும் இருக்கின்றனவென்று தாமே எண்ணிப் பார்ப்பார்களாக.

நாட்கூலியில் வாழ்வோர், ஒற்றை அறையில் ஐவர் இருப்போர், இத்தனையும் எங்கே வைப்பது? இங்கேதான் தேசத் தொண்டர்களின் வேலை தொடங்குகிறது. தெருவுக்கு ஒரு பொதுக் களஞ்சியம், மாடியுள்ள பள்ளிக்கூடத்திலோ கோயிலிலோ மசூதியிலோ மாதா கோவிலிலோ அமையலாம். மூடிக்கிடக்கும் பொதுக்கிணற்றைத் தூர்வாரி, மின்சாரம் வேண்டாத கைப்பம்பு ஒன்று பொருத்தலாம். 2003-இல் கட்டாயமாக்கப்பட்ட மழைநீர்த் தொட்டிகளில் மண் அடைத்திருப்பவற்றைச் சுத்தம் செய்யலாம். நடக்க இயலாத முதியோர், கர்ப்பிணிகள், நோயாளிகள் எந்தெந்த வீட்டில் உள்ளனர் என்ற ஜாபிதா ஒன்று ஒவ்வொரு தெருவிலும் ஒருவரிடமாவது இருக்கவேண்டும்.

இது ஆகக்கூடிய காரியமா என்று ஐயுறுவோருக்குத் திருநெல்வேலிச் சீமையே விடை சொல்கிறது. 2023 டிசம்பர் 17, 18-ஆம் தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டிற்று. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட ரயில், இருப்புப்பாதையின் கீழே மண் அரித்துப் போனதால், சுமார் 800 பிரயாணிகளுடன் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுவிட்டது. மீட்புப் படையினர் எளிதில் நெருங்க முடியவில்லை. அந்நேரத்தில் பசித்தவர்களுக்குச் சோறு சமைத்துக் கொடுத்தவர்கள், தாங்களும் வெள்ளத்தால் சூழப்பட்டிருந்த அருகிலுள்ள கிராமத்தார். அவர்களிடம் அரிசி இருந்தது, மனமும் இருந்தது. அரிசி இல்லாதிருந்தால் மனத்தை மட்டும் வைத்துக்கொண்டு என்ன செய்திருப்பார்கள்?

வெளியுலகம் துண்டிக்கப்பட்டாலும் ஏழு நாள் தன் காலில் நின்று, அடுத்த வீட்டுக்கும் ஒரு கைப்பிடி கொடுக்கக்கூடிய வீடுகள் நாட்டில் பெருகவேண்டும். அதற்குச் சட்டம் வேண்டாம், மான்யம் வேண்டாம். வேண்டுவது ஒரு மாத காலத்துக் கவனமே. ஐப்பசி மழை நமக்காகக் காத்திராது. தொண்டர்கள் இப்போதே தத்தம் தெருவில் தொடங்குவார்களாக.