காதுக்கு எட்டாத ஆங்கிலம்

இந்த நாட்டில் ஆங்கிலம் பேசுவோர் வெட்கப்படும் காலம் விரைவில் வரும் என்று, 2025 ஜூன் மாதம் தில்லியில் நடைபெற்ற ஒரு நூல் வெளியீட்டு விழாவில் மத்திய உள்துறை அமைச்சர் அமித் ஷா பேசினார். ஆங்கிலம் அணை அல்ல, பாலம் என்று மக்களவை எதிர்க்கட்சித் தலைவர் ராகுல் காந்தி உடனே பதில் கொடுத்தார். அடுத்த சில நாள்களில், எந்த அயல்மொழிக்கும் தாம் எதிரியல்ல என்று அமைச்சரே விளக்கமளிக்க வேண்டியதாயிற்று. தலைநகரின் அரசியல் வட்டாரம் ஒரு வாரம் இதையே பேசித் தீர்த்தது.

முகர்ஜி நகரிலும் லட்சுமி நகரிலும் மாலை வேளையில் ஆங்கில வகுப்புகளுக்கு மாடிப்படி ஏறுகிறவர்களுக்கு இந்தச் சர்ச்சையைப் பின்தொடர நேரமில்லை. பட்டம் பெற்றும் நேர்காணலில் வாய் திறக்க முடியாமல் திரும்பிய பிஹார் இளைஞர், வணிக வளாகத்தில் வேலை பார்க்கும் விற்பனையாளர், வாடகைக் கார் ஓட்டுநர், பிள்ளைகள் பள்ளிக்குப் போன பிறகு வேலை தேடத் தொடங்கிய பெண் என்று அங்கே வருவோர் எல்லாருமே வயது வந்தவர்கள். சம்பளத்தின் ஒரு பகுதியைக் கட்டணமாகக் கட்டுகிறவர்கள். ஆங்கிலம் வேண்டுமா, வேண்டாமா என்ற கேள்விக்கு அவர்கள் தங்கள் பணத்தைக் கொண்டே விடை சொல்லிவிட்டார்கள். அவர்கள் கொடுக்கும் பணத்துக்கு என்ன கிடைக்கிறது என்பதுதான் கேட்கப்படாத கேள்வி. நாடாளுமன்றத்தில் மொழி பற்றிய விவாதங்களைப் பல ஆண்டுகளாகக் கேட்டு வருகிறேன். வயது வந்தவருக்கு ஆங்கிலத்தை எப்படிக் கற்பிப்பது என்பது அங்கே ஒரு பொருட்டாக எழுந்ததாக எனக்கு நினைவில்லை.

இவ்வகுப்புகளில் பெரும்பாலும் நடப்பது என்ன? கரும்பலகையில் பன்னிரண்டு வகைக் காலங்கள் எழுதப்படுகின்றன. ஹிந்தி வாக்கியம் ஒன்று தரப்படுகிறது. மாணவர் அதை ஆங்கிலத்தில் பெயர்த்து நோட்டில் எழுதுகிறார். தன்னைப் பற்றிய அறிமுகம் பத்து வரிகளில் மனப்பாடமாகிறது. பேச்சு ஆங்கிலம் என்ற பெயர்ப்பலகைக்குக் கீழே பேசுகிறவர் பெரும்பாலும் ஆசிரியர்தான். ஒரு மணி நேர வகுப்பில் நாற்பது பேர் இருந்தால், ஆசிரியர் அறவே வாய் திறக்காமல் இருந்தாலும் ஒருவருக்கு ஒன்றரை நிமிடம்தான் பேசக் கிடைக்கும் என்ற எளிய கணக்கை யாரும் போட்டுப் பார்ப்பதில்லை. இருவர் இருவராகப் பிரித்து, ஒருவரிடம் இல்லாத தகவலை மற்றவரிடம் கேட்டுப் பெறச் செய்தால் அதே ஒரு மணி நேரத்தில் நாற்பது பேரும் பேசலாம். அதற்குத் தனிக் கருவி எதுவும் தேவையில்லை.

பேச்சின் நிலையாவது இது. கேட்டல் என்ற ஒன்று பாடத்திட்டத்திலேயே இருப்பதில்லை. காது இருப்பவர் கேட்டுக்கொள்வார் என்ற எண்ணம் போலும். ஆனால், அயல்மொழியைக் காதால் பற்றுவது கண்ணால் படிப்பதைவிடக் கடினமானது. அச்சில் சொற்களுக்கு இடையே வெளி இருக்கிறது; பேச்சில் இல்லை. படிக்கும்போது நிறுத்தி, மீண்டும் பார்க்கலாம்; எதிரே பேசுகிறவரின் வாய் நமக்காகக் காத்திருக்காது. எழுத்தில் நன்கு தெரிந்த சொற்களே பேச்சில் ஒன்றோடொன்று ஒட்டி, பாதி விழுங்கப்பட்டு வரும்போது அடையாளம் தெரியாமல் போகின்றன. 'தர்ட்டீன்' என்பதற்கும் 'தர்ட்டி' என்பதற்கும் உள்ள வேறுபாடு கடைசி ஒலியில் மட்டுமல்ல. அழுத்தம் எந்த அசையில் விழுகிறது என்பதிலும் இருக்கிறது. சம்பளம், அறை எண், மருந்தின் அளவு எல்லாமே எண்கள்தாம். இலக்கணத்தை எத்தனை முறை எழுதிப் பார்த்தாலும் இந்த வேறுபாடு காதில் விழாது. கேட்டுக் கேட்டுத்தான் பழக வேண்டும்: முதல் முறை பொருளின் சாரத்துக்காக, அடுத்த முறை குறிப்பிட்ட தகவலுக்காக, அதற்கடுத்து நழுவிய சொற்களுக்காக.

கேட்டலை ஆடம்பரம் என்று நினைப்பவர்களுக்கு, தில்லியிலிருந்து அதிகத் தொலைவில்லாத ஹரியாணாவின் சர்க்கி தாத்ரியை நினைவூட்ட வேண்டும். 1996 நவம்பர் 12 மாலை அதன் வானில் இரு விமானங்கள் மோதிக்கொண்டன. தில்லியிலிருந்து கிளம்பிய சவூதி போயிங் 747 விமானத்துக்கு 14 ஆயிரம் அடி உயரமும், தில்லியில் இறங்க வந்த கஜகஸ்தானின் இல்யூஷின் 76 விமானத்துக்கு 15 ஆயிரம் அடி உயரமும் ஒதுக்கப்பட்டிருந்தன. கஜகஸ்தான் விமானம் அனுமதியின்றி அதற்கும் கீழே இறங்கியது. இரண்டிலும் இருந்த 349 பேரும் மாண்டனர். அன்று தில்லி உயர்நீதிமன்ற நீதிபதியாக இருந்த ஆர்.சி. லஹோட்டி நடத்திய விசாரணையில் முதன்மைக் காரணமாகச் சொல்லப்பட்டது அந்தத் தாழ்வுதான். அதற்கு இட்டுச் சென்றவற்றில், கஜகஸ்தான் விமானக் குழுவினருக்குப் போதிய ஆங்கில அறிவு இல்லாததும் குறிப்பிடப்பட்டது. கட்டுப்பாட்டு அறை சொன்னது அவர்கள் காதில் விழாமல் இல்லை. விழுந்தது சரியாகப் புரியவில்லை.

அதன் பிறகு உலகம் சும்மா இருக்கவில்லை. 1998-இல் சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் பேரவை, விமானிகள், கட்டுப்பாட்டாளர்களின் ஆங்கிலத் திறன் குறித்துத் தீர்மானம் இயற்றியது. 2003-இல் விதிகள் வகுக்கப்பட்டு, 2008 மார்ச் 5 முதல் நடைமுறைக்கு வந்தன. ஆயத்தமாகாத நாடுகளுக்கு 2011 வரை அவகாசம் கிடைத்தது. இந்த விதிகளை ஆங்கிலம் கற்பிக்கும் ஒவ்வொருவரும் ஒருமுறை படிக்க வேண்டும் என்பேன். அவை எழுத்துத் தேர்வைப் பற்றிப் பேசவே இல்லை. பேச்சும் கேட்டலும் மட்டுமே அளவுகோல். உச்சரிப்பு, வாக்கிய அமைப்பு, சொல்வளம், சரளம், புரிந்துகொள்ளல், உரையாடும் பாங்கு என ஆறு கூறுகள். இந்த ஆறில் எதில் தரம் மிகக் குறைவோ அதுவே ஒருவரின் ஒட்டுமொத்தத் தரம். இலக்கணத்தில் புலியாக இருந்து, கேட்டதைப் புரிந்துகொள்வதில் பின்தங்கினால் தேர்ச்சி கிடையாது. தாய்மொழியின் சாயல் உச்சரிப்பில் இருக்கலாம். அது புரிதலைக் கெடுக்கக் கூடாது, அவ்வளவுதான். நான்காம் தரம் பெற்றவர் மூன்றாண்டுக்கு ஒருமுறை மீண்டும் சோதிக்கப்பட வேண்டும் என்றும் அந்த அமைப்பு பரிந்துரைக்கிறது.

விமானத் துறையில் நெடுங்காலமாக உள்ள இன்னொரு வழக்கமும் கவனிக்கத்தக்கது. கட்டுப்பாட்டு அறை ஓர் உயரத்தைச் சொன்னால் விமானி 'சரி' என்று மட்டும் சொல்லி நகர முடியாது. கேட்டதை அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். தவறிருந்தால் அங்கேயே திருத்தப்படும். எண்கள் ஒவ்வொரு இலக்கமாக உச்சரிக்கப்படுகின்றன. 'நைன்' என்பது 'ஃபைவ்' என்று காதில் விழுந்துவிடாதிருக்க 'நைனர்' என்று சொல்லப்படுகிறது. 'மீண்டும் சொல்லுங்கள்' என்று கேட்பது அங்கே அவமானமல்ல, கடமை.

நம் ஊர் வகுப்புகளில் கற்பிக்கப்படாதது சரியாக இதுதான். புரியாதபோது என்ன செய்வது என்று யாரும் சொல்லித் தருவதில்லை. வயது வந்த மாணவரின் பெரிய எதிரி இலக்கணமல்ல, கூச்சம். வீட்டில் குடும்பத்தலைவர், வேலையிடத்தில் அனுபவசாலி. வகுப்பறையில் மட்டும் மழலை பேச வேண்டியிருக்கிறது. அதனால், புரியாதபோதும் அவர் தலையாட்டுகிறார். மேலாளர் சொன்னது புரியாமல் தலையாட்டிய தொழிலாளி மறுநாள் தவறு செய்கிறார். திறமையற்றவர் என்ற பெயர் அவருக்கு வந்து சேர்கிறது. 'நீங்கள் சொன்னது நாற்பதா, பதினான்கா?' என்று தயங்காமல் கேட்கும் ஒரு வாக்கியத்தை முதல் வாரத்திலேயே அவர் நாவில் பழக்கிவிட்டால், பன்னிரண்டு காலங்களையும் விட அது அவருக்கு உதவும்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் சுமார் 2.6 லட்சம் பேர்தாம். இரண்டாம் மொழியாக 8.3 கோடிப் பேரும், மூன்றாம் மொழியாக 4.6 கோடிப் பேரும் அதைக் குறிப்பிட்டார்கள். அதாவது, இங்கே ஆங்கிலத்தில் பேசுகிறவருக்கு எதிரே இருப்பவரும் பெரும்பாலும் அதைக் கற்றுக்கொண்டவரே. தமிழர் பேசுவதைப் பஞ்சாபியர் புரிந்துகொள்ள வேண்டும். வங்காளி பேசுவதை மலையாளி புரிந்துகொள்ள வேண்டும். ஹிந்திப் பகுதியினர் பலர் 'ஸ்கூல்' என்பதை 'இஸ்கூல்' என்பார்கள்; தமிழ் எழுத்தில் 'ப' ஒன்றே இரு ஒலிகளுக்கும் நிற்பதால் நம்மவர்களுக்கு வேறு விதச் சிக்கல். லண்டன் குரலில் பதிவான ஒரே ஒலிநாடாவைக் காஷ்மீர் முதல் கன்னியாகுமரி வரை ஒலிக்கவிடுவதில் பயனில்லை. இந்தியக் குரல்கள் வேண்டும். அதுவும் அந்தந்தத் தொழிலின் இரைச்சலோடு வேண்டும்.

அரசின் திறன் மேம்பாட்டுத் திட்டங்கள் இதைச் செய்கின்றனவா? 2015-இல் தொடங்கிய பிரதமரின் திறன் மேம்பாட்டுத் திட்டத்தின் பாடங்களிலும், ஐ.டி.ஐ. படிப்பிலும் வேலைவாய்ப்புத் திறன் என்ற பகுதிக்குள் அடிப்படை ஆங்கிலமும் இடம்பெற்றிருக்கிறது. ஏட்டளவில் குறையில்லை. ஆனால், ஐ.டி.ஐ.களில் அப்பகுதிக்கான தேர்வு, சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் வினாக்களாகக் கணினியில் நடக்கிறது. வாய் திறக்காமலே ஒருவர் பேச்சுத் திறனில் தேறிவிடலாம். தேர்வு எதைக் கேட்கிறதோ அதைத்தான் வகுப்பு கற்பிக்கும். 15 வயதுக்கு மேற்பட்டோருக்காக 2022-27 காலத்துக்கு வகுக்கப்பட்ட புதிய இந்தியா எழுத்தறிவுத் திட்டத்தின் நோக்கம் வேறு. அதனிடம் ஆங்கிலத்தை எதிர்பார்ப்பது நியாயமல்ல.

நம் அரசியல்வாதிகளும் தேர்வுத்தாளைத் தாண்டிச் சிந்திப்பதில்லை. 2014-இல் குடிமைப் பணி முதல்நிலைத் தேர்வில் இருந்த ஆங்கிலப் பத்தி வினாக்களை எதிர்த்து முகர்ஜி நகரில் கிளர்ச்சி வெடித்தது. இரு அவைகளும் அமளியில் முடங்கின. அந்த மதிப்பெண்கள் தரவரிசைக்குக் கணக்கில் கொள்ளப்படாது என்று அரசு அறிவித்தது. மறு ஆண்டு அந்தத் தாளே தகுதித்தாள் ஆக்கப்பட்டது. போராடியவர்களின் ஆதங்கத்தில் நியாயம் இருந்தது. ஆயினும், சண்டை முழுவதும் தாளில் அச்சிட்ட பத்தியைப் பற்றியதே. அதே கிராமப்புற இளைஞர் பின்னாளில் தனியார் நிறுவனம் ஒன்றின் தொலைபேசி நேர்காணலில் கேள்வி புரியாமல் விழிப்பதைப் பற்றி எந்த அவையும் ஒத்திவைக்கப்படவில்லை.

உறுப்பினர்களுக்கு மட்டும் காதின் அருமை நன்றாகவே தெரியும். மக்களவையில் ஆங்கிலம், ஹிந்தி இடையே உடனடி மொழிபெயர்ப்பு 1964 முதல் இருக்கிறது. மாநிலங்களவையில் எட்டாவது அட்டவணை மொழிகள் 22-இலும் பேச 2018-இல் வழி செய்யப்பட்டது. மக்களவையும் அண்மைக் காலத்தில் அந்தப் பட்டியலை நீட்டியிருக்கிறது. இரு மொழியிலும் போதிய பயிற்சி இல்லாதவர் தாய்மொழியில் பேச அரசமைப்புச் சட்டத்தின் 120-ஆவது பிரிவே இடம் தருகிறது. மிகச் சரியான ஏற்பாடுகள். தமிழுக்கு இவை எளிதாகக் கிடைத்துவிடவும் இல்லை. செவிக்கருவியை மாட்டிக்கொள்ளும் உறுப்பினருக்கு உள்ள இந்த வசதி, அவரது தொகுதியிலிருந்து வேலை தேடி வரும் வாக்காளருக்கு இல்லை.

வெளிநாடு செல்லும் செவிலியர்கள் ஐ.இ.எல்.டி.எஸ்., ஓ.இ.டி. போன்ற தேர்வுகளில் கேட்டல், பேசுதலுக்கும் தனித்தனியே மதிப்பெண் பெற்றாக வேண்டும். ஓ.இ.டி. தேர்வில் நோயாளியோடு உரையாடுவது போன்ற சூழலே வினாவாக அமைகிறது. இதற்கான செலவு அவர்களுடையது. கடன் வாங்கிப் படிக்கிறவர்கள் உண்டு. பிரிட்டன் நோயாளியின் வலியைக் கேட்டுப் புரிந்துகொள்ள ஒரு தேர்வு இருக்கிறது. தில்லி மருத்துவமனை ஒன்றில் கேரளச் செவிலியரும் வங்க மருத்துவரும் தமக்குள் ஆங்கிலத்தில் பேசிக்கொள்ளும்போது அப்படியொரு அளவுகோலும் இல்லை, பயிற்சியும் இல்லை.

தமிழகத்துக்கு இதில் கூடுதல் பொறுப்பு உண்டு. 1968 முதல் இருமொழிக் கொள்கையில் நிற்கும் மாநிலம் அது. வெளியுலகத் தொடர்புக்கு ஆங்கிலம் போதும் என்பது நம் வாதம். அந்த வாதம் சரியானது என்றே இன்றும் கருதுகிறேன். போதும் என்று சொல்வதற்கு அந்த ஆங்கிலம் காதிலும் நாவிலும் இருக்க வேண்டும். பத்தாண்டு ஆங்கிலம் படித்துவிட்டு, தில்லி ரயில் நிலைய அறிவிப்பில் நடைமேடை எண்ணைப் பிடிக்க முடியாமல் தவிக்கும் தமிழ் இளைஞர்களை இங்கே பார்க்க முடிகிறது. ஹிந்தி படித்திருந்தால் இந்தத் தவிப்பு இருக்காதே என்று கேட்பதற்கு இங்கே ஆள்களுக்குப் பஞ்சமில்லை. 2022-இல் தொடங்கிய 'நான் முதல்வன்' திட்டத்தில் ஆங்கிலப் பயிற்சியும் சேர்க்கப்பட்டிருக்கிறது. அதன் வெற்றியை வழங்கிய சான்றிதழ்களைக் கொண்டு அளக்காமல், பயின்றவரை எதிரே உட்காரவைத்துப் பேசிப் பார்த்து அளப்பார்களா?

மக்களவையில் கேள்வி கேட்க 15 முழு நாள்கள் முன்னறிவிப்பு வேண்டும். கட்சி பேதமின்றி எந்த உறுப்பினரும் அடுத்த கூட்டத்தொடரில் திறன் மேம்பாட்டு அமைச்சரிடம் எழுப்பத்தக்க வினா ஒன்று உண்டு: அரசுத் திட்டங்களில் ஆங்கிலப் பயிற்சி பெற்றுச் சான்றிதழ் வாங்கியவர்களில், ஒரு மனிதரின் எதிரே அமர்ந்து, அவர் சொன்னதைக் கேட்டு, பதில் பேசித் தேறியவர்கள் எத்தனை பேர்?