சம்பளச் சீட்டில் யாருடைய பெயர்?

மாத்தளையில் உக்குவளை, இரத்தோட்டைப் பக்கத்துத் தோட்டப் பிள்ளைகள் ஓ.எல். முடித்ததும் கட்டுநாயக்க, பியகம என்று கம்பனி வேலைக்குப் புறப்படுவது இன்று நேற்றுத் தொடங்கியதல்ல. மாறியிருப்பது போகும் வழி. பலர் இப்போது தொழிற்சாலைகளுக்கு ஆள் அனுப்பும் முகவரான மேன்பவர்காரரின் கைபிடித்துப் போகிறார்கள். தங்க போர்டிங், காலையில் கூட்டிப்போக வேன், அன்றைய வேலைக்கு அன்றே அல்லது வாரக் கடைசியில் காசு. வீட்டில் அடகு வைத்த நகை இருக்கும்போது இது சின்ன விஷயமல்ல. பிரதேச செயலகத்தில் நமது மனிதவள அபிவிருத்தி உத்தியோகத்தரிடம் பெயர் பதிந்துவிட்டு அழைப்புக்குக் காத்திருக்கும் பொறுமை அந்த வீடுகளுக்கு ஏன் இல்லை என்று கேட்க நமக்கு உரிமை கிடையாது. நம் சேவை இலவசம், ஆனால் மெதுவானது.

ஆகவே முகவரை ஒழித்துவிட்டால் எல்லாம் சரியாகும் என்று இந்த இதழ் சொல்லப்போவதில்லை. நமது கவலை வேறு. அந்தப் பிள்ளையின் முதலாளி யார்? மெஷின் தொழிற்சாலையுடையது, அதட்டும் சூப்பர்வைசரும் தொழிற்சாலை ஆள், சம்பளம் தருபவர் மட்டும் மேன்பவர்காரர். இன்று ஒரு தொழிற்சாலை, அடுத்த வாரம் இன்னொன்று. ஊழியரிடமிருந்து 8 வீதம், முதலாளியிடமிருந்து 12 வீதம் என ஊழியர் சேமலாப நிதிக்கும், மேலும் 3 வீதம் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கும் போயாக வேண்டும். அதை யார் கட்டுவது? விபத்தில் விரல் போனாலோ, ஓடரில்லை என்று நாளை முதல் வர வேண்டாம் என்றாலோ, இரு தரப்பும் ஒருவரையொருவர் கைகாட்டுகின்றன. 1971ஆம் ஆண்டின் வேலை முடிவுறுத்தல் சட்டம் பன்னிரண்டு மாதத்தில் 180 நாள் வேலை செய்தவருக்கே காவல். 1983ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டம் ஐந்து வருடத் தொடர்சேவையைக் கேட்கிறது. இடம் மாற்றிக்கொண்டேயிருக்கும் ஒருத்தி எந்தக் கணக்கிலும் நிரம்புவதில்லை.

மாத்தளைக்கு இந்த ஏற்பாடு அந்நியமானதா? மன்னார்க் கரையில் இறங்கி, தம்புள்ளை, நாலந்தை வழியாக நடந்து வந்த கோப்பிக்காலத்துக் கூலிகள் மலையேறும் முன் கண்ட ஊர் இது. அவர்களைக் கொண்டுவந்த பெரிய கங்காணிக்கு, வேலைக்கு இறங்கிய ஒவ்வொரு தலைக்கும் நாள் கணக்கில் தோட்டம் தலைக்காசு கொடுத்தது. வழிச்செலவும் முன்பணமும் ஆட்களின் பெயரில் கடனாக ஏறின. இந்தக் கடனைக் கட்டினால் இன்னாரை விடுகிறேன் என்று துரை எழுதித் தந்த தாளே துண்டு. அதை வைத்துக்கொண்டு கங்காணி தோட்டம் தோட்டமாக ஆட்களை மாற்றினார். 1904இல் துரைமார் திருச்சிராப்பள்ளியில் சொந்தமாக ஆள்சேர்ப்பு அலுவலகம் திறந்தும் கங்காணி மறையவில்லை. 1921இல் சட்டம் துண்டையே செல்லாததாக்கியது. கங்காணியின் கையிலிருந்த தாளை அது குறிவைத்தது. இன்றும் மேன்பவர்காரருக்குத் தலைக்கு இவ்வளவு, நாளுக்கு இவ்வளவு என்றுதான் கணக்கு ஓடுகிறது. அன்று கடன் எழுதிய தாள் இருந்தது. இன்றோ முதலாளி யாரென்று சொல்லும் தாளே பல பிள்ளைகளிடம் இல்லை.

சட்டம் வெறுங்கையோடு நிற்கவில்லை. கட்டணம் அறவிடும் வேலைவாய்ப்பு முகவரகங்களுக்கு 1956ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. ஆனால் அது வேலை தேடித் தந்துவிட்டு விலகும் முகவரை நினைத்து எழுதப்பட்டது. கைத்தொழிற் பிணக்குகள் சட்டமோ, யார் சார்பில் இன்னொருவர் ஆளை அமர்த்துகிறாரோ அவரையும் தொழில்தருநர் என்கிறது. இந்த வரியை நம் தொழில் அலுவலர்கள் இன்னும் துணிவாகப் பயன்படுத்த வேண்டும். ஒப்பந்தக்காரர் சம்பளம் தரத் தவறினால் முதன்மை முதலாளி தர வேண்டும் என்று இந்தியா 1970லேயே எழுதிவிட்டது. சர்வதேச தொழில் அமைப்பின் 1997ஆம் ஆண்டு 181ஆம் இலக்கச் சமவாயம் தொழிலாளியிடம் கட்டணம் வாங்குவதைத் தடுப்பதோடு, முகவருக்கும் பயன்படுத்தும் நிறுவனத்துக்கும் பொறுப்பைப் பிரித்து வைக்கவும் சொல்கிறது. இங்கும் கூட்டுப்பொறுப்பைச் சட்டமாக்க நாம் கேட்க வேண்டும்.

வீட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் தரகர்கள் இன்னும் இருட்டில் இருக்கிறார்கள். 2021 ஜூலையில் டயகமத் தோட்டத்துப் பதினாறு வயதுச் சிறுமி கொழும்பில் தீக்காயங்களோடு இறந்தபோது, அவரை அழைத்துப்போன தரகரும் கைதானார். ஒரு மரணத்துக்குப் பிறகுதான் அந்தத் தரகரின் பெயர் அரச பதிவேட்டில் ஏறியது என்றால், அது நமது துறையின் தோல்வி. வெளிநாடு போகிறவருக்காவது 1985ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகமும் முகவருக்கு உரிம இலக்கமும் உண்டு. மாத்தளையிலிருந்து கொழும்புக்குப் போகிறவளுக்கு அதுவும் இல்லை.

சட்டம் வரும்வரை நம் மேசையில் செய்யக்கூடியது உண்டு. மேன்பவரில் போகிறேன் என்று யார் வந்து சொன்னாலும் திருப்பி அனுப்பாமல் பதிவு செய்யுங்கள்: கூட்டிப்போகிறவரின் பெயர், வியாபாரப் பதிவு இலக்கம், வேலைத்தளத்தின் முகவரி, சேமலாப நிதி யார் பெயரில் கட்டப்படும் என்பது. கையொப்பமிடும் தாள் தமிழில் இல்லையென்றால் அதை வாசித்துச் சொல்வதும் நம் வேலைதான். மூன்று மாதம் கழித்து அழைத்து, சேமலாப நிதியின் பி கார்ட் வந்ததா, சம்பளச் சீட்டில் நிறுவனத்தின் பெயர் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் அந்தப் பதிவை மாத்தளைத் தொழில் அலுவலகத்துக்கு எழுத்தில் அனுப்பி, ஒரு பிரதியை அவரிடமே கொடுங்கள்.